உஷார்! ஆட்டோ ஸ்டார்ட்டரின் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் சிவப்புப் பட்டன் கேட்காது

பம்புசெட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கும் ஒவ்வொரு விவசாயியும் இந்தச் சோதனையை இன்றே செய்து பார்த்துவிட வேண்டும். மும்முனை மின்சாரம் வந்து, பெட்டி தானாகவே மோட்டாரை ஓட்டிவிட்ட பிறகு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். மோட்டார் நிற்க வேண்டும். விரலை எடுங்கள். நின்ற மோட்டார் நின்றபடியே இருந்தால் இப்போதைக்குச் சரி. அழுத்தியும் நிற்காவிட்டாலோ, விரலை எடுத்த மறுநொடி ‘தடக்’ என்ற சத்தத்தோடு மறுபடி ஓட ஆரம்பித்தாலோ உடனே மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அந்தப் பெட்டியைக் கழற்றும்வரை திரும்பப் போடாதீர்கள்.

உள்ளே நடந்திருப்பது இதுதான். இரண்டு நொடி மட்டும் பச்சைப் பட்டனின் வேலையைச் செய்துவிட்டு விலக வேண்டிய ரிலேயின் பாயின்ட் உருகி ஒட்டிப்போயிருக்கிறது. இப்போது இரவும் பகலும் யாரோ பச்சைப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். வெளியே எதுவும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல ஓடும், தண்ணீர் வழக்கம்போல வரும். கரண்டு போனால் நிற்கும், வந்தால் ஓடும். மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இப்படியே போகலாம். யாராவது அவசரமாக மோட்டாரை நிறுத்த வேண்டிய நாளில்தான் தெரியவரும்.

ஆட்டோ ஸ்டார்ட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் விவசாய இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. நள்ளிரவில் வரும், விடியுமுன் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து பயந்து மோட்டார் ரூமுக்குப் போய்ப் பட்டனை அமுக்கிவிட்டு வரும் பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான இருவர் மட்டும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் அந்தப் பெட்டி பெரிய ஆறுதல். வேளாண்மைப் பொறியியல் துறையே கைபேசி வழியாக இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளை மானியத்தில் கொடுத்திருக்கிறது. கருவியின் மேல் குறை இல்லை. அது எந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு வேலை செய்கிறது என்பதை மாட்டுகிறவர் சொல்வதில்லை, மாட்டிக்கொள்கிறவரும் கேட்பதில்லை. பயம் அங்கேதான்.

சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் உள்ளே இருப்பது ஒரு கான்டாக்டர், அதற்குள் ஒரு காயில். பச்சைப் பட்டனை அழுத்தினால் காயிலுக்குக் கரண்டு போகிறது. காயில் இரும்பை இழுத்து மூன்று ஃபேஸையும் மோட்டாருக்குச் சேர்க்கிறது. அதே இழுப்பில் பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன பாயின்ட்டும் சேர்வதால், விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்டு போய்க்கொண்டிருக்கும். சிவப்புப் பட்டன் இந்தப் பாதையை அறுக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டு இழுத்தால் ஓவர்லோடு ரிலேயும் இதே பாதையைத்தான் அறுக்கிறது. லைனில் கரண்டு போனாலும் காயில் விட்டுவிடும். கரண்டு திரும்பினால் தானாக ஒட்டாது. ஒரு ஆள் வந்து பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும்.

தானாக ஒட்டாமல் இருப்பதை ஸ்டார்ட்டரின் குறை என்றே பலர் நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைத்த காவல். கரண்டு போன நேரத்தில் ஒருவர் கிணற்றுக்குள் இறங்கி ஃபுட் வால்வைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருவர் பெல்ட்டில் கை வைத்திருக்கலாம். இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 என்ற சர்வதேசத் தரநிலை, மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடுவது ஆபத்தை உண்டாக்கும் என்றால் அதைத் தடுக்க வேண்டும் என்கிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் அந்தக் காவலை நீக்குகிறது. நீக்குகிறோம் என்று தெரிந்து செய்தால் அந்த இடத்தில் வேறு காவல் வைக்கலாம். தெரியாமல் செய்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

ஆட்டோ ஸ்டார்ட்டரின் உள்ளே இருக்கும் டைமர் ரிலே செய்யும் வேலை புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. லைனில் வரும் கரண்டு விடாமல் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது ஒரு தொடுதல். விடாமல் வரும் கரண்டைத் தொடுதலாக மாற்றித் தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘இன்டர்வல்’ வகை டைமரில் கரண்டு வந்ததும் பாயின்ட் சேரும், வைத்த நேரம் முடிந்ததும் விலகும். ‘ஆன் டிலே’ வகையில் நேரம் முடிந்த பிறகுதான் பாயின்ட் மாறும். அதன் என்.சி. பாயின்ட் (சும்மா இருக்கும்போது சேர்ந்தே இருப்பது) வழியாக எடுத்தால், தொடக்கத்தில் கரண்டு போய், நேரம் முடிந்ததும் நின்றுவிடும். ஒழுங்கான பெட்டியில் இரண்டு கட்டம் இருக்கும். முதலில் ஓரிரு நிமிடம் சும்மா காத்திருக்கும், பிறகு இரண்டு நொடி தொட்டுவிட்டு விலகும். கான்டாக்டர் ஒட்டுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்பதால் இரண்டு நொடியே தாராளம்.

அந்த ‘விலகும்’ என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. விலகாமல் போவதற்குக் காரணங்கள் நம் மோட்டார் ரூம்களில் ஏராளம்.

முதல் காரணம் காயில். பல்பும் ஹீட்டரும் இழுக்கிற மாதிரி அது கரண்டை இழுப்பதில்லை. இரும்பு இன்னும் ஒட்டாமல் இடைவெளி இருக்கும் அந்தத் தொடக்க நொடியில், ஒட்டிய பிறகு எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் ரிலேயின் குட்டிப் பாயின்ட்டில்தான் விழுகிறது. ரிலேயின் மேல் ‘5 ஆம்பியர்’, ‘10 ஆம்பியர்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் வகை லோடுக்கான அளவு. காயில் வகை லோடுக்கு ‘ஏசி-15’ என்று தனி அளவு உண்டு, அது அதைவிட நன்றாகக் குறைவு. கடையில் டைமர் வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்பவர் அபூர்வம்.

இரண்டாவது வோல்டேஜ். நம் ஊர் மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட் காயில், இரண்டு ஃபேஸுக்கு நடுவே வேலை செய்வது. பலகையில் மாட்டும் டைமர்களில் பல 240 வோல்ட் வரைக்குமானவை. அவற்றின் பாயின்ட்டும் 250 வோல்ட்டுக்கு என்றே எழுதியிருக்கும். அந்தப் பாயின்ட்டை 415 வோல்ட் காயில் பாதையில் நேராகப் போட்டுவிடுகிறார்கள். வேலை செய்யும்தான். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. மூன்று ஃபேஸுக்கென்றே 415 அல்லது 440 வோல்ட்டுக்குச் செய்த பெட்டியை வாங்க வேண்டும். தனி டைமர்தான் போடப்போகிறோம் என்றால், நடுவில் தகுந்த அளவுள்ள ஒரு துணைக் கான்டாக்டரைப் போட்டு, அதன் பாயின்ட்டை வைத்துத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

240 வோல்ட் டைமரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இது ரிலேயைவிட ஆபத்தானது. அந்த டைமருக்கு நியூட்ரல் வேண்டும். பலகையில் நியூட்ரல் வயர் இல்லையென்றால், எர்த் வயரையே நியூட்ரலாகப் பிடித்து டைமரை ஓட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. எர்த் குழி காய்ந்துபோனாலோ, எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தாலோ, டைமரின் வழியாக வரும் ஃபேஸ் திரும்பிப் போக வழியில்லாமல் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டி, மோட்டாரின் உடம்பு, பைப்பு எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். யாரைக் காப்பாற்ற எர்த் போட்டோமோ அவரையே அடிக்கும். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு வயர் எர்த் போல்ட்டுக்குப் போகிறதென்றால், அது பாதுகாப்பு எர்த்தா, டைமரின் திரும்புவழியா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, லோ வோல்டேஜ். கான்டாக்டர்களுக்கான ஐ.இ.சி. தரநிலைப்படி, காயிலின் அளவில் 85 சதவீதம் வோல்டேஜ் இருந்தால் கான்டாக்டர் உறுதியாக ஒட்ட வேண்டும். 415 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 353 வோல்ட். அதற்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். லைனின் கடைக்கோடித் தோட்டங்களில் மும்முனை வந்த முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் இதற்கும் கீழே கிடப்பதைப் பம்புசெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் டைமர் தொட்டால் கான்டாக்டர் முழுசாக ஒட்டாமல் ‘டர்ர்ர்’ என்று அதிரும். இரும்பு ஒட்டாதவரை காயில் அந்தத் தொடக்கக் கரண்டையே இழுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அதிர்விலும் கான்டாக்டரின் பெரிய பாயின்ட்களில் பொறி பறக்கும். ரிலே பாயின்ட் ஒட்டுவது, காயில் கருகுவது, கான்டாக்டரின் பெரிய பாயின்ட்டே உருகி ஒட்டுவது என்று மூன்றுக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. அந்த மூன்றாவது நடந்துவிட்டால் எந்தப் பட்டனாலும் பயனில்லை. மெயின் சுவிட்ச் ஒன்றுதான் கதி.

வோல்டேஜ் ஏன் அப்படி விழுகிறது? ஆட்டோ ஸ்டார்ட்டர்களே ஒரு காரணம். 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பத்துத் தோட்டத்துப் பெட்டிகளும் கரண்டு வந்த நொடியிலேயே தொட்டால் 450 ஆம்பியர். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுத் திறனே சுமார் 135 ஆம்பியர்தான். பத்து மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது 75 ஆம்பியர், அதை அது சுமக்கும். ஒன்றாகக் கிளம்புவதைத்தான் சுமக்க முடியாது. வோல்டேஜ் படுக்கும், கான்டாக்டர்கள் விடும், மறுபடி ஒட்டும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும், அந்த இரவு முழுக்க யாருக்கும் தண்ணீர் இல்லை. ஒரு டிரான்ஸ்பார்மரைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் ஒருநாள் உட்கார்ந்து பேசி, உனக்கு ஒரு நிமிடம், எனக்கு ஒன்றரை நிமிடம், அவருக்கு இரண்டு நிமிடம் என்று காத்திருப்பு நேரத்தைப் பிரித்துக்கொண்டால் இதில் பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீரும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இதுவும் முடியும்.

அந்தக் காத்திருப்பு நேரம் மோட்டாரைக் காக்கவும் தேவை. மழைக்காலத்தில் லைனில் மட்டை உரசி, கரண்டு கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய்ப் போய் வரும். டைமருக்குள் காத்திருப்பு இல்லையென்றால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு தொடுதல், ஒவ்வொரு தொடுதலுக்கும் 45 ஆம்பியர். போர்வெல்லில் இன்னும் மோசம். மோட்டார் நின்றதும், நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கி, பம்ப்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். அப்படித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டாரை முன்பக்கம் இழுத்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், கப்ளிங் அறுந்துபோகும். இருநூறு, முந்நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரை வெளியே எடுக்கும் செலவை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடக் காத்திருப்பு அதைத் தவிர்க்கும்.

வேறு வகைச் சிக்கலும் உண்டு. டைமர் பழைய நிலைக்குத் திரும்பவும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதைவிடக் குறைவான நேரமே கரண்டு போய் வந்தால், கான்டாக்டர் விட்டிருக்கும், டைமரோ கரண்டு போகவே இல்லை என்று நினைத்திருக்கும். தொடாது. மோட்டார் நின்றபடி கிடக்கும். மறுநாள் ‘டைமர் சரியில்லை’ என்று யாராவது வந்து, தொடும் நேரத்தை இரண்டு நொடியிலிருந்து இரண்டு நிமிடமாக ஏற்றிவிட்டுப் போவார். அங்கேதான் ஆபத்தே தொடங்குகிறது.

பல அளவு வைக்கும் டைமர்களில் ஒரு குமிழ் எண்ணைக் காட்டும், இன்னொரு குமிழ் அது நொடியா, நிமிடமா, மணியா என்று காட்டும். ‘3’ என்று வைத்துவிட்டு இரண்டாவது குமிழை நிமிடத்தில் விட்டால் மூன்று நிமிடத் தொடுதல். அந்த மூன்று நிமிடமும் பாயின்ட் ஒட்டிய ரிலேக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினால் நிற்கும், விட்டால் ஓடும். கிணற்றில் ஏதோ உடைந்து ஒருவர் ஓடிவந்து சிவப்பை அழுத்திவிட்டுத் திரும்பி ஓடினால், அவர் போய்ச் சேருமுன் மோட்டார் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான இணைப்பும் உண்டு. டைமரின் இரண்டு வயரும் பச்சைப் பட்டனின் இரண்டு முனைகளில் மட்டுமே போக வேண்டும். அப்படிப் போட்டால் சிவப்புப் பட்டனும் ஓவர்லோடு ரிலேயும் பாதையில் இருக்கும். அழுத்தியிருக்கும் வரையாவது சிவப்பு நிறுத்தும். சிலர் ஃபேஸிலிருந்து நேராகக் காயிலுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதில் ரிலே ஒட்டினால் சிவப்புப் பட்டன் சுவரில் மாட்டிய பொம்மை. காயிலின் இரண்டு முனையையும் அப்படி நேராக எடுத்திருந்தால் ஓவர்லோடு ரிலேயும் பொம்மைதான். மோட்டார் இறுகினாலும், ஒரு ஃபேஸ் போனாலும், கருகும்வரை எதுவும் நிறுத்தாது. பச்சைப் பட்டனில் தீக்குச்சி செருகி அழுத்தியபடி வைக்கும் பழைய வழக்கமும் இதே வகைதான். தீக்குச்சியாவது கண்ணுக்குத் தெரியும்.

ஃபேஸ் போவது பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மூன்றில் ஒரு ஃபேஸ் இல்லாமல் டைமர் மோட்டாரைத் தொட்டால், மோட்டார் சுற்றாமல் ‘ஹூம்’ என்று முனகிக்கொண்டு, கிளம்பும் கரண்டுக்கு நெருக்கமான அளவை விடாமல் இழுக்கும். நல்ல ஓவர்லோடு ரிலே சில நொடிகளில் ட்ரிப் ஆகும். பிறகு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஓவர்லோடு ரிலேயில் இருக்கும் ஒரு சின்ன அமைப்பு. ரீசெட்டைக் கையால் போடுவதாகவும் வைக்கலாம், தானாகப் போடுவதாகவும் வைக்கலாம். தானாகப் போடுவதில் இருந்து, டைமரின் பாயின்ட்டும் ஒட்டியிருந்தால், ரிலே ஆறும், சேரும், மோட்டார் முனகும், ட்ரிப் ஆகும், ஆறும், மறுபடி சேரும். இரவு முழுக்க இது நடந்தால் காலையில் வைண்டிங் கருகிய வாசனைதான் மிஞ்சும். ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள இடத்தில் ஓவர்லோடு ரீசெட் கையால் போடுவதாகவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இருமுனை மின்சாரம் வரும் நேரங்களில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டும் வழக்கம் உள்ள ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். அதே லைனில் அப்படி ஒரு மோட்டார் ஓடினால், வராத மூன்றாவது ஃபேஸிலும் அரைகுறை வோல்டேஜ் தென்படலாம். மூன்று விளக்கும் எரிகிறது என்று டைமர் தொட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனாலும் இதே ஏமாற்று நடக்கும், ஏனென்றால் ஓடும் மோட்டாரே போன ஃபேஸில் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே வைக்கும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர், வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகையாக இருந்தால் அதை நம்பிவிடும். கரண்டையும் பார்க்கும் வகை ஏமாறாது. விலை கூடுதல்தான், மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் கொடுக்கலாம். அதன் பாயின்ட்டை டைமர் பாதையில் போட்டால் கிளம்பும்போது மட்டும்தான் பார்க்கும். காயில் பாதையில் தொடராகப் போட்டால்தான் எந்த நேரத்திலும் நிறுத்தும்.

எறும்பையும் பல்லியையும் சொல்லாமல் விட முடியாது. கதவு சரியாக மூடாத ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு புகுந்து ரிலே பாயின்ட்டுக்கு நடுவே மாட்டிச் சாவதும், பல்லி இரண்டு முனைக்கு நடுவே கருகி ஒட்டிக்கிடப்பதும் மோட்டார் மெக்கானிக்குகளுக்குத் தினசரிக் காட்சி. வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள்.

இதெல்லாம் மோட்டாருக்கு வரும் கேடு. மனிதருக்கு வருவதைச் சொல்கிறேன். ரிலே ஒட்டாமல், எல்லாம் சரியாகவே வேலை செய்தாலும் இது உண்டு. கரண்டு இல்லாத நேரத்தில்தான் நாம் கிணற்றில் இறங்குகிறோம், பெல்ட் மாற்றுகிறோம், பம்ப்பில் கிளாண்டு கயிறு போடுகிறோம். கரண்டு இல்லை என்பதே நமக்குத் தைரியம். ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள தோட்டத்தில் அந்தத் தைரியத்துக்கு இடமே இல்லை. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் பெட்டி யாரையும் கேட்காது. சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு இறங்கினேன் என்பதும் பாதுகாப்பில்லை, ஏனென்றால் கரண்டு போய் வந்தால் பெட்டி புதிதாகத் தொடும். மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, பியூஸ் கேரியர் மூன்றையும் உருவி, இறங்குகிறவர் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அவர் டீ குடிக்கப் போவார், வேறொருவர் வந்து ‘ஏன் மோட்டார் ஓடலை’ என்று பியூஸைப் போட்டுவிடுவார்.

மாட்டுத் தீவனம் நறுக்கும் மெஷின், மாவு மில், மர அறுவை மெஷின் இவற்றில் ஆட்டோ ஸ்டார்ட்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். பம்ப்பு ஓடினால் தண்ணீர் வரும், அவை ஓடினால் கை போகும். ஒரே மோட்டாரின் பெல்ட்டைப் பம்ப்புக்கும் தீவன மெஷினுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பெல்ட்டை மாற்றுமுன் ஆட்டோவை ஆஃப் செய்ய மறந்தால் ஒரு முறையே போதும்.

அதனால் காத்திருப்பு நேரத்தை ஓர் எச்சரிக்கையாகவும் மாற்றிவிட வேண்டும். டைமர் காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடமும் ஒரு மணி அல்லது சைரன் அடிக்கும்படி இணைக்கலாம். தொழிற்சாலைகளில் கன்வேயர் கிளம்பும் முன் சைரன் அடிப்பது இதற்காகத்தான். செலவு சில நூறு ரூபாய். மணி அடித்தால் கிணற்றில் இருப்பவருக்கு வெளியேறவோ கத்தவோ நேரம் கிடைக்கும். தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பைப்பின் வாயிலிருந்து விலகுவார்கள். நம் ஊர் ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் இதை ஏன் கட்டாயமாக வைத்து விற்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில. ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் வெளியில் இருக்க வேண்டும். அது டைமரின் தொடும் பாதையையே துண்டிக்க வேண்டும், வெறும் விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. டைமர் பாதைக்குத் தனியாக ஒரு சிறிய பியூஸ் வேண்டும். முடிந்தால் தொடும் பாதையில் இரண்டு ரிலேயின் பாயின்ட்களைத் தொடராகப் போடச் சொல்லுங்கள், ஒன்று ஒட்டினாலும் மற்றது விலகும். அப்படிப் போட்டாலும் மாதச் சோதனையை விடக் கூடாது, ஏனென்றால் ஒன்று ஒட்டியது வெளியே தெரியாது. ஓவர்லோடு ரிலேயில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கும். மோட்டார் ஓடும்போது அதை அழுத்தச் சொல்லி, மோட்டார் நின்று நின்றபடியே இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வேலையை ஒயர்மேன் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள். பெட்டியின் கதவில் ‘இந்த மோட்டார் தானாக ஓடும்’ என்று சிவப்பு பெயிண்ட்டில் எழுதுங்கள். தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வருபவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

   

கடைசியாக, யாருமே யோசிக்காத ஒரு நேரம் உண்டு. மோட்டார் கருகிவிட்டது, காயில் கட்டக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேபிளின் மூன்று முனையும் டேப்புகூடச் சுற்றாமல் கிணற்றுமேட்டில் கிடக்கும், அல்லது போர்வெல் குழாயின் ஓரத்தில் தொங்கும். ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கிறது, ஆட்டோவும் ஆனில். கான்டாக்டருக்கு மோட்டார் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. இரவு மும்முனை வரும், டைமர் எண்ணும், தொடும், கான்டாக்டர் ஒட்டி அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த மூன்று முனைகளுக்கு நடுவே 415 வோல்ட் நிற்கும். ஓடும் சத்தம் இல்லை, தண்ணீர் சத்தம் இல்லை, யாரையும் எச்சரிக்க எதுவுமே இல்லை. காலையில் ஆடு மேய்ப்பவரோ, விளையாட வரும் பிள்ளையோ அங்கே காலை வைக்கலாம். மோட்டாரைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து பியூஸ் கேரியர் மூன்றையும் உருவுங்கள். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர்களையும் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே கழற்றி டேப் சுற்றுங்கள். பியூஸ் கேரியர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். மோட்டார் திரும்பி வந்து, மாட்டி, எர்த் பார்த்து முடித்த பிறகு எடுத்து வந்து போடுங்கள்.